இருமல் சார் விழுங்கிய வார்த்தைகள்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், சொல்லிக்கொடுக்காமல் இருப்பதற்காக இருமல் சாரைப் போலப் பாடுபட்ட இன்னொரு வாத்தியார் கிடைக்க மாட்டார். சொல்லிக்கொடுக்காத வாத்தியார்கள் எங்கும் உண்டு; அதற்குப் பெரிய உழைப்பு ஒன்றும் தேவையில்லை. இவர் கதை வேறு. நூற்றைம்பது ஆங்கில வார்த்தைகள் எங்கள் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத் தொண்டையைக் கிழித்துக்கொண்டவர், ஏழெட்டு வீட்டுக் கஷாயம் குடித்தவர், கடைசியில் நெஞ்சு எக்ஸ்ரேவும் எடுத்துக்கொண்டவர்.

நான் பெரம்பலூர் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படித்தபோது அவர் எங்கள் வாத்தியார். அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் இரண்டு போன். ஒன்று பேச, இன்னொன்று வார்த்தை பிடிக்க. ஆங்கில வார்த்தை எங்கே காதில் விழுந்தாலும், சொன்னவர் யார், எந்த ஊர், என்ன தொழில் என்று அந்தப் போனில் ஏற்றிவிடுவார். கண்டக்டர் "ஃபுட்போர்டுல நிக்காத" என்று கத்தினால் எல்லோரும் உள்ளே நகர்வார்கள். சார் மட்டும் போனை எடுப்பார்.

ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் சின்ன வெங்காய மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் போய், "உங்களுக்கு எத்தனை இங்கிலீஷ் வார்த்தைம்மா தெரியும்?" என்று கேட்டாராம்.

"நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லீங்க. எனக்கேது இங்கிலீசு? இந்த லோடு, சைஸு, வேஸ்ட்டு, டேமேஜு, இதத் தவிர ஒன்னும் தெரியாது. டவர் கிடைச்சா மவனுக்கு ஒரு மிஸ்டு கால் குடுப்பேன், அவ்வளவுதான்."

சார் வகுப்புக்குள் நுழையும்போதே குதித்துக்கொண்டு வந்தார். "ஒன்னும் தெரியாதுன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஆறு வார்த்தை சொல்லிட்டாங்கப்பா!" என்றார். அன்று பாடம் நடக்கவில்லை. யாருக்கும் வருத்தமும் இல்லை.

அவருடைய பி.எச்.டி. ஆராய்ச்சியும் வார்த்தை பற்றித்தான். போன் வழியாகத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கில வார்த்தை ஏறுமா, ஏறாதா? இதைக் கண்டுபிடிக்க இரண்டு வகுப்பு வேண்டும். ஒன்றுக்குப் போனில் பாடம்; மற்றதற்கு ஒன்றும் கிடையாது. ஆறு மாதம் கழித்து இரண்டுக்கும் ஒரே பரீட்சை. துறைத்தலைவர் முன்னிலையில் காசைச் சுண்டிப் பார்த்தார். போன் பாடம் ஏ செக்‌ஷனுக்குப் போனது. நான் பி செக்‌ஷன்.

"அப்ப எங்களுக்கு என்ன சார்?" என்று கேட்டேன்.

"நீங்க கட்டுப்பாட்டுக் குழு. எப்பவும் போல இருக்கணும். அதான் உங்க வேலை."

"எப்பவும் போலன்னா?"

"எப்பவும் போலத்தாம்மா. ஸ்பெஷலா எதுவும் பண்ணிடாதீங்க, நல்லா இருப்பீங்க."

பக்கத்து வீட்டுக்குப் பந்தி போட்டுவிட்டு, எங்களை வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருக்கச் சொன்னது போல இருந்தது. ஏ செக்‌ஷன்காரர்களுக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று எங்கள் வகுப்பே பொருமியது. போதாததற்கு, அந்த நூற்றைம்பது வார்த்தைப் பட்டியலை எங்களுக்குக் காட்ட மாட்டோம் என்று ஏ செக்‌ஷன் மொத்தத்திடமும் அம்மா மேல் சத்தியம் வாங்கியிருந்தார்.

அவர் இவ்வளவு கெடுபிடி செய்ததற்குக் காரணம் இருந்தது. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஜூனுக்குள் டாக்டர் பட்டம் இல்லையென்றால் வேலை இல்லை என்று கல்லூரி நிர்வாகமும் சொல்லிவிட்டது. இது ஆபீஸ் பியூன் முதல் கேன்டீன் அக்கா வரை எல்லோருக்கும் தெரியும்.

எல்லாம் யோசித்த சார் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. பட்டியலில் இருந்த வார்த்தைகள் எங்கள் பாடப் புத்தகத்திலும் இருந்தன.

முதல் நாள் ஒரு கதையைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். வீட்டை விட்டுக் கிளம்பத் தயங்கும் ஒரு கிழவர். 'ரிலக்டன்ட்' என்ற வார்த்தை வந்தது. சார் ஒரு நொடி நின்றார். பிறகு, "த ஓல்ட் மேன் வாஸ் ஹ்ஹக்... ஹக்... டு லீவ் ஹிஸ் ஹோம்" என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

"சார், அதுக்கு என்ன அர்த்தம்?"

"எதுக்கு?"

"நீங்க இருமுனதுக்கு."

"இருமலுக்கு ஏதும்மா அர்த்தம்? உக்காரு."

அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் இருமல் இல்லாத நாளே இல்லை. ஒரு பக்கத்துக்கு மூன்று, சில பக்கங்களுக்கு ஐந்து. பேரும் நிலைத்துவிட்டது. சிமென்ட் லாரிப் புழுதிதான் காரணம் என்று ஊர் முடிவு செய்தது. என் அம்மா ஆடாதொடைக் கஷாயம் கொடுத்தனுப்பினாள். ஒருத்தி வீட்டிலிருந்து சுக்கு வந்தது, இன்னொருத்தி வீட்டிலிருந்து கற்பூரவல்லி. யார் கொடுத்தாலும் சார் மறுக்காமல் குடித்தார். தொண்டை மணி மாதிரி ஆகிவிட்டது. பாவம், அதை வைத்துக்கொண்டு இருமுவது அவருக்கு இன்னும் சிரமமாகிவிட்டது.

முதல்வர் பயந்துபோய், பெரிய வியாதியாக இருந்தால் பிள்ளைகளுக்குத் தொற்றிக்கொள்ளும் என்று அவரை எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். பொய் இருமல் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். சொன்னால் பி செக்‌ஷனுக்குத் தெரிந்துவிடுமே! சட்டையைக் கழற்றிவிட்டு மூச்சை இழுத்துப் பிடித்து நின்று எடுத்துக்கொண்டு வந்தார். படத்தில் நுரையீரல் பளிச்சென்று இருந்ததாம்.

விஷயம் வெளியே வந்தது வேப்பந்தட்டை டவுன் பஸ்ஸில். என் பக்கத்தில் தனலட்சுமி, ஏ செக்‌ஷன்.

"பாவம்டி சார். இன்னிக்கும் இருமிக்கிட்டே இருந்தாரு" என்றேன்.

"இருமுனாரா? எங்க கிளாஸ்ல அவரு செருமுனதுகூட இல்லையே."

எனக்குப் பொறி தட்டியது. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, அன்றைக்கு அவர் இருமிய இடங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். தனலட்சுமி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"நான் எதுவும் சொல்லலப்பா. எங்கம்மா மேல சத்தியம் பண்ணிருக்கேன்" என்றாள்.

வேறென்ன வேண்டும்? மறுநாளே இருமல் நோட்டு பிறந்தது. ஐந்து பேர் ஆளுக்கு ஒரு பாடத்தைக் கவனித்தோம். இருமல் விழுந்ததும் தேதி, பக்கம், வார்த்தை. சாயங்காலம் பஸ்ஸில் அர்த்தம் தேடி, ஒருவரையொருவர் கேள்வி கேட்டு, மறுநாள் வகுப்பு முழுக்கப் பரப்பிவிடுவோம். எந்த வாத்தியார் நடத்திய எந்தப் பாடத்தையும் நாங்கள் அப்படிப் படித்ததில்லை.

ஏ செக்‌ஷன் பக்கம் எல்லாம் பிரமாதமாகப் போவதாக சாரின் போன் சொன்னது. காலை ஆறு மணிக்கு ஐந்து கேள்வி போகும். ஏழுக்குள் சரியான விடைகள் வந்து குவியும். திரையில் பச்சைக் கோடு ஏறிக்கொண்டே இருக்கும். சார் அதைக் கேன்டீன் அக்காவுக்குக்கூடக் காட்டினார். விடை எழுதியது யார் என்பதைத்தான் போன் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எங்களில் பல பேருக்குச் சொந்தப் போன் கிடையாது. காலை ஆறு மணிக்குப் போன் அண்ணன் கையிலோ அப்பா கையிலோ இருக்கும். தனலட்சுமியின் அண்ணன் குரும்பலூரில் லோடு வண்டி ஓட்டுபவர். வண்டி கிளம்புவதற்கு முன்னால் டீயோடு சேர்த்து அந்த ஐந்து கேள்வியையும் முடித்துவிடுவார். ஏ செக்‌ஷனில் முதலிடம் அவருக்குத்தான்.

பரீட்சை வந்தது. பேனாவும் பேப்பரும் மட்டும். அண்ணன்மார்களுக்கு அனுமதி இல்லை. ஏ செக்‌ஷன் கவிழ்ந்தது. ஒன்றுமே சொல்லிக்கொடுக்கப்படாத பி செக்‌ஷன் வெளுத்து வாங்கியது.

நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். அடுத்த நாள் வகுப்பில் சார் இருமவில்லை. படிக்கவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள்களைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வேலையல்லவா இதில் தொங்கிக்கொண்டிருக்கிறது!

மத்தியானம் இருமல் நோட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனேன். சார் அவருடைய ஆராய்ச்சி வழிகாட்டியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். குறிப்பெடுக்கக் கை வேண்டும் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"இதுக்குப் போயி ஏன்யா மண்டைய ஒடைச்சிக்கிற?" என்றது போன். "ரெண்டு விடைத்தாள் கட்டையும் மாத்தி வெச்சுக்க. ஏ-வ பி-ன்னு போடு, பி-ய ஏ-ன்னு போடு. முடிஞ்சுது. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே சார்" என்றார் இருமல் சார்.

போனை வைத்தவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டை நீட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பஸ், இருமல், ஐந்து பேர், அண்ணன், ஒன்று விடாமல். அழுதுகொண்டேதான் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன்.

அவர் முதல் பக்கத்தைத் திறந்தார். "தேதி போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன் சார்."

"பக்க நம்பரு?"

"அதுவும் இருக்கு சார்."

"யாரு கண்டுபிடிச்சதுன்னு?"

"ஓரத்துல முதல் எழுத்து இருக்கு சார்."

சார் எழுந்து நின்றுவிட்டார். "இத்தனை வருசமா நான் எடுத்த குறிப்புல இவ்வளவு ஒழுங்கு இல்லம்மா" என்றார். அவர் கண் கலங்கியதா, சிரித்தாரா என்று சரியாகத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

கட்டுகளை மாற்றி வைத்திருந்தால் ஜூனில் பட்டம் கிடைத்திருக்கும். சார் நடந்ததை நடந்தபடி எழுதினார். அதற்கு ஜூன் போதவில்லை. வேலை போனது. கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு நீட்டிப்பு வாங்கி, அரியலூரில் ஒரு சின்ன டியூஷன் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டு முடித்தார். அந்த வேலை போனதில் எனக்கும் பங்கு உண்டு என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். பி செக்‌ஷனில் ஒன்பது பேர் போனோம். தனலட்சுமியும் அவள் அண்ணனும் லோடு வண்டியிலேயே வந்து இறங்கினார்கள். சார் கோட்டு போட்டுக்கொண்டு, திரையில் பட்டியலைக் காட்டி முதல் வார்த்தையைப் படிக்க வாயைத் திறந்தார். எதிரே நாங்கள். பழக்க தோஷம், "ஹ்ஹக்" என்று இருமல்தான் வந்தது.

"ரிலக்டன்ட்!" என்று பின் வரிசை மொத்தமும் கத்தியது. எல்லோருக்கும் முந்திக் கத்தியவர் தனலட்சுமியின் அண்ணன்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் எங்கள் நோட்டு அப்படியே இருக்கிறது, வெங்காயச் சட்னிக் கறையோடு.

நான் இப்போது கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். போன வாரம் சாரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, நடுவே இருமினார். விடாமல் இருமினார். இது நிஜ இருமல். வயதாகிறது, டாக்டரைப் பாருங்கள் சார் என்று கோபித்துக்கொண்டேன். "பாக்குறேம்மா, பாக்குறேன்" என்றார். வைத்த பிறகுதான் கவனித்தேன். என் கையில் பேனா இருந்தது. எதிரில் கிடந்த காகிதத்தில் அன்றைய தேதியைப் போட்டு, அவர் என்ன சொல்ல வருகிறார் என்று காத்திருந்திருக்கிறேன்.