தொண்ணூற்றோராவது வீட்டின் பதில்

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும், மார்னி,” என்றான் கணவன் வெண்டல், முதல் பனி விழுந்த அன்று, சூப் கிண்ணத்தைப் பார்த்தபடியே.

“இந்தச் சோதனை முடியட்டுமே, ப்ளீஸ்.”

அவனும் விட்டுவிட்டான். இப்போது மினியாபொலிஸ் நகரத்து ஏரிகளெல்லாம் உறைந்துவிட்டன. சோதனைதான் முடிவதாயில்லை.

வீடுகளின் சூடேற்றியை இயக்கும் செயலி ஒன்றுக்காக, மாடி அறையிலிருந்தே வேலை பார்த்தாள் மார்னி. என்ன சொன்னால் மக்கள் மாலையில் சூட்டைக் குறைப்பார்கள்? பலரிடம் பேசிப் பார்த்ததில், காசு மிச்சம் என்பதைவிட நலம் விசாரித்தால்தான் இளகுவார்கள் என்று தோன்றியது. அதைச் சோதிக்க, பாதி வீடுகளுக்கு மட்டும் ‘இன்று எப்படி இருக்கிறீர்கள்? சூட்டைக் குறைக்கலாமா?’ என்று செய்தி போனது. மீதிப் பாதிக்கு ஒன்றும் போகாது. எது யார் வீடென்று அவளுக்கே தெரியாது. எண் மட்டும்தான்.

ஒன்றும் போகாத தொண்ணூற்றோராவது வீட்டிலிருந்து பதில் வந்தது: ‘நன்றாக இருக்கிறேன். குறைத்துவிட்டேன்.’

“செய்தி போகவே இல்லடி. திரும்பத் திரும்பப் பாத்துட்டேன்,” என்றாள் காதொலிக் கருவியில், கூட வேலை பார்க்கும் தோழி டோவா.

மார்னிக்குச் சில்லிட்டது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள்.

அனுப்பும் நேரத்தை மாற்றினாள். மாற்றிய நேரத்துக்கே பதில் வந்தது. கேள்வியையே மாற்ற நினைத்தாள். ஜன்னலில் என்ன தெரிகிறது என்று கேட்கலாம். டோவாவிடம்கூடச் சொல்லாமல் படுத்தாள். காலையில், அவள் தட்டச்சு செய்யும் முன்பே வந்திருந்தது: ‘ஜன்னலில் பனிதான். கேட்டதற்கு நன்றி.’

இரண்டாவது ஸ்வெட்டர்.

“பேய்கூட நம்ம செயலியைப் பயன்படுத்துதா?” என்று சிரித்தாள் டோவா.

“கிண்டல் பண்ணாத. நாளைக்குள்ள இதுக்கு விளக்கம் சொல்லலன்னா என் திட்டம் மொத்தமும் குப்பைக்குப் போயிடும்.”

“அந்த வீட்டைத் தூக்கிடு.”

“பிடிக்காததைத் தூக்கினா அது சோதனையா?”

பேசிப் பார்ப்பது ஒன்றுதான் மிச்சம். எண்களை மறைக்கும் அலுவலக இணைப்பில், டோவாவும் கேட்கும்படி, அந்த வீட்டை அழைத்தாள். காதில் மணி அடித்தது. சூட்டுக் குழாய் வழியாக, காலுக்கடியில் நிலவறையிலிருந்தும் அடித்தது.

“மார்னி,” டோவாவின் குரல் தாழ்ந்தது, “உன் பக்கம் எதிரொலிக்குது.”

மார்னி கருவியைக் கழற்றிவிட்டு நிலவறைப் படிகளில் இறங்கினாள். சூடேற்றியின் சின்னச் சிவப்பு வெளிச்சத்தில், பனிக்கோட்டுடன், போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான் வெண்டல்.

“நீயா? நான் மனசுல நெனச்சது உனக்கு எப்படித் தெரியும்?”

“தூக்கத்துல சத்தமாக் கேக்கற. எத்தனை மணிக்குன்னுகூடச் சொல்ற.”

“இதுல நீ எதுக்குச் சேந்த?”

“நீ கேப்பன்னுதான். என்னைக் கேக்காத பாதியில போட்டுட்ட.” போனை அவன் இறக்கவில்லை. “ஊர்ல எல்லாரையும் கேக்கற. எப்படி இருக்கன்னு என்னையும் ஒரு தடவை கேளேன், மார்னி.”