திரைக்குப் பின்னால் மூன்று கைகள்

ஒலிபெருக்கி திடீரென்று கீச்சிட்டதில், தையல்காரம்மாவின் கத்தரி தடம் மாறி நல்ல துணியொன்றைக் கடித்துவிட்டது. புள்ளி ஐயா மறுபடியும் தெருவுக்கு வந்துவிட்டார்.

சூரியகாந்தி விதைகளின் சுழலிலும் நத்தை ஓட்டின் வளைவிலும் ஒரே எண் ஒளிந்திருக்கிறதாம்: ஒன்று புள்ளி ஆறு ஒன்று எட்டு. அந்தப் புள்ளியே அவருக்குப் பட்டப்பெயர். முழங்கை முதல் மணிக்கட்டு வரை உள்ள நீளத்தை, மணிக்கட்டு முதல் விரல் நுனி வரை உள்ள நீளத்தால் வகுத்தால் அந்த எண் வரவேண்டும். வந்தால் நல்வாழ்வு. வராவிட்டால் செப்பு வளையம். வளையம் அவரிடமே கிடைத்தது. இயற்கைக்குத்தான் எவ்வளவு முன்யோசனை.

கூட்டம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றது. பள்ளியில் வகுத்தல் கணக்கைக் கண்டு ஓடியவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள்.

தையல்காரம்மா சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் போன வாரம் அவள் மகளின் கையை அளந்து, வளையத்துக்கும் அடங்காத குறை என்று சொல்லிவிட்டார் ஐயா. மகளைப் பெண் கேட்டிருந்த பையனின் அம்மா அன்றே கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டாள். மகள் சரியாகச் சாப்பிட்டு ஆறு நாளாகிறது.

தையல்காரம்மாவுடையது முப்பது வருடம் அளவெடுத்த கண். மகளுக்கு மணிக்கட்டு எலும்பில் ஊன்றிய ஐயாவின் அளவுக் கருவியின் முள், நகைக்கடைக்காரர் மனைவிக்கு மட்டும் உள்ளங்கைப் பக்கம் ஒரு விரற்கடை தள்ளி ஊன்றி அந்த எண்ணை வரவழைத்ததை அது பார்த்திருந்தது. வெளியே சொன்னால், பெண்ணைப் பெற்றவளின் வயிற்றெரிச்சல் என்பார்கள்.

அதனால் ஐயாவைத் தன் கடைக்கே அழைத்தாள். மூன்று பெண்கள் கூச்சப்படுகிறார்கள், உடை மாற்றும் திரைக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டுவார்கள் என்றாள். பையனின் அம்மாவுக்கும் ஆள் அனுப்பி, நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டது.

முதலில் சரிகை வைத்த பட்டுக் கை நீண்டது. ஐயா அளந்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"ஒன்னு புள்ளி ஆறு ஒன்னு எட்டு. நத்தை ஓடே தோத்துச்சும்மா. போற வீடு செழிக்கும்."

"இந்த மாதிரி ஒரு கை என் வீட்டுக்கு வரக் குடுத்து வைக்கலையே" என்று பையனின் அம்மா பெருமூச்சு விட்டாள்.

அடுத்தது டாக்டர்கள் போடும் வெள்ளைக் கோட்டின் கை. ஒன்று புள்ளி ஐந்து, ஒரு வளையம் போதும் என்றார். மூன்றாவது ஒட்டுப்போட்ட பருத்திக் கை. உதட்டைப் பிதுக்கி, ஒன்று புள்ளி மூன்று, இது தேறாது என்றார்.

தையல்காரம்மா திரையை இழுத்தாள். உள்ளே அவள் மகள் மட்டும் ஒட்டுச் சட்டையோடு நின்றாள். காலடியில் பட்டும் கோட்டும் கிடந்தன.

காற்றில் ஈரம் கூடினால் விகிதம் மாறும் என்று ஐயா ஆரம்பித்தார்.

"சூரியகாந்தியில கணக்கு இருக்கத்தான் செய்யுது" என்றாள் தையல்காரம்மா. "அது யார் சட்டையையும் பாத்து மாறல."

வாசலில் மடித்திருந்த சட்டைக் கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மகள் பையனின் அம்மாவின் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"மூணு கையில உங்களுக்கு எது வேணும் அத்தை? அவரைக் கேக்காம, நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க."