மாமா குடிப்பது வெறும் இஞ்சி பீர்

தென்காசி,
ஜூலை 22

என் பிரியமுள்ள மச்சான் மன்சூர் அவர்களுக்கு, சஃப்ரின் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். தோஹா வெயிலில் உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் அல்லாஹ் காப்பானாக. இங்கே நானும் உங்கள் வாப்பாவும் நலம். வாப்பா நலம் என்பதை விளக்கமாகச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம். நாளைக்கு லீவு முடிந்து தோஹா திரும்பும் முகம்மது சலீம் காக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டித் தருவேன், அவர் பிரித்திருந்தால் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை எட்டுப் பேர் இருக்கும் ரூமில் ஸ்பீக்கரில் போட்டது உங்கள் தப்பு. ‘மச்சான், பீர் குடிக்க ஆரம்பிச்ச பொறவுதான் மாமா நல்லா சாப்புடுதாக’ என்ற இடத்தோடு பதறிப்போய் நிறுத்திவிட்டீர்கள். இஞ்சி என்ற சொல் அதற்கு அடுத்துதான் வருகிறது. பிறகு போனில் நான் எதைத் தொடங்கினாலும் நீங்கள் அழுகிறீர்கள். எழுத்துக்கு நடுவில் யாரும் அழ முடியாது என்பதால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

மாமி மவுத்தாகி நம்மை விட்டுப் போனதிலிருந்து உங்கள் வாப்பா சாப்பிட்ட கதையை நான் உங்களிடம் முழுதாகச் சொன்னதில்லை. அரை இடியாப்பத்தைப் பிட்டுப் போட்டுவிட்டு ‘போதும்மா’ என்று எழுந்துவிடுவார்கள். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு நோய் ஒன்றும் இல்லை, எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்றார். நானும் மீன் ஆணம், கறி ஆணம், முட்டை என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். சட்டை தோளிலிருந்து தொங்க ஆரம்பித்துவிட்டது. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் சோறு இறங்கவில்லை, அதையும் நான் உங்களிடம் சொல்லவில்லை.

போன மாதம் இலஞ்சியில் தைக்கக் கொடுத்த துணியை வாங்கிவிட்டு பஸ்ஸுக்கு நின்றபோது சாரல் பிடித்துக்கொண்டது. குடையை மறந்துவிட்டேன். தென்னந்தோப்புக்குள் பழைய அரிசி மில் ஷெட் இருக்கிறதே, அதில் ஒதுங்கினேன். உள்ளே போன பிறகுதான் தலைக்கு மேல் போர்டைப் பார்த்தேன், ‘ஜிஞ்சர் பீர் புரூவரி’ என்று போட்டிருந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மழையிலேயே ஓடிவிடலாமா என்று நிற்கும்போது ஸ்வாதி என்ற பிள்ளை வந்தாள். உணவுப் படிப்பெல்லாம் படித்துவிட்டு இந்த ஊரிலேயே சொந்தமாகத் தொழில் தொடங்கியிருக்கிறாள். போர்டைப் பார்த்து போலீஸ் இரண்டு தடவை வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனதாம். குற்றாலத்துக்குக் குளிக்க வந்த கோஷ்டி ஒன்று, ஆளுக்கு நாலு பாட்டில் குடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்று சண்டை போட்டதாம். ‘பயப்படாதீங்கக்கா, இதுல சாராயம் துளிகூட கெடையாது. இஞ்சி, புளியங்குடி எலுமிச்சம்பழம், கருப்பட்டி, மூணையும் காய்ச்சி வடிச்சு காஸ் ஏத்துதோம், அம்புட்டுதான்’ என்று அண்டாவையே திறந்து காட்டினாள்.

ஒரு கிளாஸ் குடித்தேன் மச்சான். முதலில் கருப்பட்டி வருகிறது, பிறகு எலுமிச்சை, விழுங்கின பிறகு இஞ்சி தொண்டையிலிருந்து மூக்குக்கு ஏறி கண்ணில் தண்ணீர் வருகிறது. அப்புறம் பசிக்கிறது. எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்குப் பசித்தது. இன்னொரு கிளாஸும் குடித்துவிட்டு மாமாவுக்கு ஒரு பாட்டில் வாங்கினேன்.

ஆனால் லேபிளில் பீர் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறதே. பாட்டிலை வெந்நீரில் ஊறப்போட்டு நகத்தால் சுரண்டி எடுத்து, வயிற்றுக்கு இஞ்சிக் கசாயம், இலஞ்சி வைத்தியர் கொடுத்தது என்று வைத்தேன். மாமா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நாளைக்குக் குடிக்கிறேன் என்றார்கள். மறுநாள் காலையில், வீட்டை விட்டே இறங்காத மனிதர், சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று போய் மத்தியானம் லுஹர் தொழுகைக்குத்தான் நனைந்துகொண்டு வந்தார்கள். அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு பாட்டிலைத் திறந்து முழுவதையும் குடித்தார்கள். ஒரு ஏப்பம் விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, ‘தொட்டுக்க ஏதாச்சும் இருக்காம்மா’ என்று கேட்டார்கள். நான் அடுப்படியில் போய் அழுதுவிட்டுத்தான் சாளை மீனைப் பொரித்தேன். ஆறு மீன் சாப்பிட்டார்கள்.

அன்றிலிருந்து தினமும் ஒரு பாட்டில், தினமும் லேபிள் சுரண்டல். என் நகமெல்லாம் தேய்ந்துவிட்டது. இரண்டாம் வாரம் அல்லாஹ்வுடைய என்ன ரஹ்மத்தோ, லேபிள் பச்சைத் தண்ணீரில் காட்டினாலே கழன்று வர ஆரம்பித்தது. ஒவ்வொன்றும் அப்படியே வழுக்கிக்கொண்டு, பாத்திரம் கழுவும் அங்கணக் குழிக்குள்ளும் போய்விட்டது. போன வியாழக்கிழமை தண்ணீர் அடைத்துக்கொண்டது. குழாய்க்காரர் உள்ளே கம்பியை விட்டு, அன்று பார்க்க வந்திருந்த உங்கள் தங்கை ஷிஃபா பக்கத்தில் நிற்கையில், இருபது பீர் லேபிளை ஒரே உருண்டையாக இழுத்துப் போட்டார். ஷிஃபா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்தாரில் புருஷன் கஷ்டப்படும்போது இங்கே பெண்டாட்டி குடிக்கிறாளா என்று என்னைக் கேட்டாள். நான் குடிக்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை, மாமாதான் குடிக்கிறார்கள் என்றும் சொல்ல முடியவில்லை.

சத்தம் கேட்டு மாமா வந்தார்கள். லேபிள் உருண்டையைப் பார்த்தார்கள். அவர்கள் ஷிஃபாவைப் பார்த்துச் சொன்னது இதுதான்:

‘ஏட்டி, பம்பாயில இருபது வருசம் இருந்தவனுக்கு நாலெழுத்து இங்கிலீசு வாசிக்கத் தெரியாதா? மூடியிலயே பீருன்னுதான் போட்டிருக்கு. மறுநாளே அந்தக் கம்பெனிக்குப் போயி, அண்டாவ எட்டிப் பாத்து, விசாரிச்சிட்டு வந்துதான் வாயில வச்சேன்.’

அப்படியானால் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். மாமா என்னைப் பார்க்காமல் சொன்னார்கள்: ‘எனக்குத் தெரியும்னு சொன்னா நீ கூச்சப்பட்டு நிறுத்திருவ. எனக்காவ ஒருத்தி ஒக்காந்து சொரண்டிக்கிட்டிருக்கா, அதக் குடிக்காம எப்பிடிம்மா இருக்க? ஒன் நகத்தப் பாத்துட்டுதான் அந்தக் கம்பெனிப் புள்ளைட்ட பசையைக் கொறைச்சிப் போடச் சொன்னேன்.’

ஷிஃபாவும் அழுதாள், நானும் அழுதேன், குழாய்க்காரர் ஒரு பாட்டில் கேட்டார். இப்போது லேபிளோடேயே வைக்கிறேன். ஷிஃபாவுக்கும் தினம் பாதி பாட்டில் போகிறது. அந்தச் சந்தோஷத்தில்தான் மறுநாள் வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

அதனால் நீங்கள் அவசர லீவு கேட்க வேண்டாம். வருஷக் கடைசியில் ஒப்பந்தம் முடியட்டும், நிதானமாக வாருங்கள். எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. ரூமில் உள்ள எல்லோருக்கும் என் சலாமைச் சொல்லி, இந்தக் கடிதத்தை அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். உங்களுக்கு பரக்கத்தும் நல்ல தூக்கமும் கிடைக்க என் துஆ.

உங்கள்,
சஃப்ரின்

பின்குறிப்பு: ரூமில் வாசித்துக் காட்ட வேண்டாம். இப்போது ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மாமா ஒரு பாட்டிலைக் கடைசித் தட்டில் தனியாக வைத்து, அதைத் தொடாதே, மன்சூருக்கு என்று சொல்லிவிட்டுத் தொழப் போயிருக்கிறார்கள். அதன் கழுத்தில் அக்டோபர் பத்துக்குள் குடிக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. நிதானமாக வாருங்கள் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள் மச்சான்.