இடுப்பைத் தாண்டாத வாழை

எங்கள் வாழை இடுப்புக்கு மேல் வளராது என்று வீட்டுக்காரர் கொளஞ்சியப்பனுக்கு நான் வாக்குக் கொடுத்தது எழுபத்தெட்டில். பெரம்பலூரில் தெருத்தெருவாக அலைந்து பிடித்த வாடகை வீடு அது. சுற்றுச்சுவர் இடுப்பளவுதான். மனிதர் கறார்.

“வாழை சுவத்தைத் தாண்டுச்சுன்னா நீங்க வாசலைத் தாண்டிடணும் சார்.”

என் மனைவி மலர்க்கொடிக்கு வாழை இல்லாத வீடு வீடே இல்லை. அதனால் சிமெண்டுத் தொட்டியில் ஒரு கன்று வைத்தேன். ஜப்பான்காரன் ஆலமரத்தையே தட்டில் வளர்க்கிறானாம், நான் ஒரு வாழையை அடக்க மாட்டேனா? தண்ணீரை ஒரு செம்போடு நிறுத்தினேன். இலையை நறுக்கினேன். பழைய வேட்டியின் பச்சைக் கரையைக் கிழித்து, கட்டுப்பட்டு வளரட்டும் என்று தண்டில் இறுக்கிக் கட்டினேன்.

வாழை என்னை மதிக்கவில்லை. மளமளவென்று இடுப்புக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஆபீஸில் உடையார்பாளையம் கேம்ப் போட்டார்கள். இனி மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று கலங்கியபடியே போனேன். திரும்பி வந்தால் வாழை முழங்கால் உயரத்தில் நிற்கிறது, கட்டிய கரையோடு.

அடுத்த கேம்ப்பிலும் இதே கதை. மண்ணைக் கிளறினேன், முகர்ந்தேன், மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பிடிபட்டது.

“மலரு, நான் ஊர்ல இல்லாத ஏக்கத்துல அது இளைச்சுப் போவுது.”

“இருக்கும்ங்க. எனக்கே அப்படித்தான் ஆவுது.”

அவள் இளைத்த மாதிரி தெரியவில்லை. ஆனாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொளஞ்சியப்பனுக்கே வாழையடக்கம் பற்றிப் பாடம் எடுத்தேன். ஒரே குறை, பெட்டியிலிருந்த என் வேட்டிகள் ஒவ்வொன்றாகக் கரை இழந்துகொண்டிருந்தன. எலி என்றாள். பச்சையை மட்டும் தின்னும் எலியைப் பற்றியும் ஆராய ஆரம்பித்தேன்.

மறு வருஷப் பொங்கலுக்குக் குரும்பலூர் மாமனார் வீட்டில் விருந்து. வாழைப்பழத்தை வாயாரப் புகழ்ந்துவிட்டுக் கை கழுவக் கொல்லைக்குப் போனேன். அங்கே வரிசையாக வாழைகள். ஒவ்வொரு தண்டிலும் என் வேட்டிக் கரை.

பின்னாலேயே வந்தாள் மலர்க்கொடி.

“நீங்க கேம்ப் போறப்பல்லாம் பெரிசைத் தோண்டி இங்க கொண்டாந்து நட்டுட்டு, சின்னதைக் கொண்டுபோய்த் தொட்டியில வச்சேங்க. வூட்டைக் காப்பாத்தணும்ல?”

எனக்கு அவமானமாக இருந்தது. கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தபோது, பெரம்பலூர் வாழை இடுப்பைத் தாண்டிவிட்டது ஞாபகம் வந்தது. கேம்ப்பும் இப்போதைக்கு இல்லை.

மண்வெட்டியை எடுத்து நானே ஒரு நல்ல கன்றாகப் பார்த்துத் தோண்டிக் கொடுத்தேன். மலர்க்கொடி அதைச் சாக்கில் பதமாகச் சுற்றினாள். பிறகு, கரைக்காக, நான் கட்டியிருந்த பொங்கல் வேட்டியைப் பார்த்தாள்.