நோர்ட்டன் கேட்ட முதல் எழுத்து

யாழ்ப்பாணத்துக் குருநகரின் முதலாவது கொம்பியூட்டர் மாஸ்டர் என்று ஒருகாலத்தில் என்னை அழைத்தவன் நான்தான். வேறொருவரும் அழைக்கவில்லை.

எண்பத்தொன்பதாம் ஆண்டு. என் மனைவி பெர்னடெட்டின் தமையன் சிமியோனுக்குக் கப்பலில் வேலை. சிங்கப்பூரிலிருந்து ஒரு கொம்பியூட்டரும் பிறின்ரரும் கொண்டுவந்து, தங்கச்சிக்கு என்று சொல்லி எங்கள் வீட்டில் இறக்கினார். 'தங்கச்சிக்கு' என்ற சொல் மட்டும் என் காதில் ஏறவில்லை. நான் கணக்கு வாத்தியார். பெர்னடெட் கலியாணத்துக்கு முன் கோட்டில் வழக்குப் பேசும் ஒரு அப்புக்காத்தரிடம் தட்டெழுத்து வேலை செய்தவள். மூளையுள்ள இயந்திரம் மூளையுள்ளவனுக்கே என்று தீர்ப்பளித்தேன். அவள் தூசி துடைத்தால் போதும் என்றேன். ஓம் என்றாள்.

இயந்திரத்தைவிட அதோடு வந்த டிஸ்க்குகளில்தான் நான் மயங்கினேன். வேர்ட்ஸ்டார் கடிதத்தின் இரண்டு கரையையும் கோயிலில் சனம் இருக்கும் வாங்குகள்போல நேராக நிறுத்தியது. வேர்ட்ஸ்டார் என்றால் சொல் நட்சத்திரம். அப்படியொரு நட்சத்திரம் எங்கள் வீட்டில் முன்பே இருந்தது. ஆனால் இது நான் சொன்னதைத் திருப்பிப் பேசாமல் எழுதியது. லோட்டஸில் ஒரு பெடியனின் புள்ளியை மாற்றினால் வகுப்பின் சராசரி தானாக மாறும். முழு வகுப்பையும் சித்தியடைய வைத்துப் பார்த்து மகிழ்ந்தேன். டிபேஸில் பெயர்களைக் கண்டபடி கொட்டினாலும் எழுத்து வரிசையில் அடுக்கித் தரும். நோர்ட்டன் என்றொரு டிஸ்க் என்னத்துக்கென்று விளங்கவில்லை. அதைப் பெட்டியின் அடியில் போட்டேன்.

என் புகழ் பங்குச் சுவாமியார் வரை போனது. கொண்டுபோனவனும் நான்தான். கோயிலின் குடும்பப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது, நாலாம் ஞாயிற்றுக்கிழமை ஆயர் வருகிறார், முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் விபரமும் புதிதாக வேண்டும் என்றார். டிபேஸுக்கு இதெல்லாம் தூசி என்றேன்.

மூன்று கிழமை. இரண்டே விரல். முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பத்தையும் புதன்கிழமை பின்னேரம் ஏற்றி முடித்தேன். வெற்றிக் களிப்பில், பழைய டிஸ்க் ஒன்றைத் துப்பரவாக்குவோம் என்று எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையை அடித்தேன். நிச்சயந்தானா என்று இயந்திரம் கேட்டது. கோயிலில் ஒருதரம் என்னிடம் இப்படித்தான் கேட்டார்கள். அப்போதும் யோசிக்காமல்தான் ஓம் என்றேன்.

பழைய டிஸ்க் கிடந்த ஏ-யில் நிற்கிறேன் என்று நினைத்திருந்தேன். நின்றது குடும்பங்களை ஏற்றிவைத்த சி-யில். முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் ஒரு நொடியில் ஊரைவிட்டுப் போய்விட்டது.

அன்றிரவு நண்டுக்கறிச் சட்டி பக்கமே என் கை போகவில்லை. என்ன சுகமில்லையோ என்று பெர்னடெட் கேட்டாள். எனக்கில்லை, கொம்பியூட்டருக்குத்தான் என்றேன். கரண்ட் கூடிக் குறைந்து உள்ளுக்குள் ஏதோ எரிந்துவிட்டது, தொட்டால் அடிக்கும், கிட்டப் போகாதே என்று சொல்லி அதன்மேல் ஒரு படுக்கைச் சீலையைப் போர்த்தினேன். அதற்கும் ஓம் என்றாள்.

வியாழன் முழுவதும் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டுப் பொய்யை உருப்போட்டேன். வெள்ளி பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுவாமியாரிடம் போனேன். பொய்யை மூன்று பாகமாகப் பிரித்துச் சொன்னேன். கரண்ட் செய்த அநியாயம் முதலாம் பாகம். கொழும்புக்குக் கொண்டுபோனால்தான் திருத்தலாம் என்பது இரண்டாம் பாகம். சண்டைக்குள் பாதை கிடக்கிற கிடையில் ஆறு மாதமாவது செல்லும் என்பது மூன்றாம் பாகம். கடைசியில் கண்ணும் கொஞ்சம் கலங்கியது. அது மட்டும் உண்மை.

சுவாமியார் ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. முடிந்ததும் மேசை லாச்சியை இழுத்து ஒரு கட்டுக் கடதாசியை என் முன்னால் வைத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பம். வட்டார வாரியாக, எழுத்து வரிசையில், இரண்டு கரையும் நேராக.

"காலமைப் பூசைக்கு வந்த உங்கடை மனிசி தந்தவ," என்றார். "நீங்கள் குடுத்துவிட்டதெண்டு சொன்னவ."

நான் கடதாசியைப் பார்த்தேன். சுவாமியார் என்னைப் பார்த்தார்.

"சனிக்கிழமை நாலு மணிக்குப் பாவசங்கீர்த்தனம் கேக்கிறனான், மாஸ்டர். நேரத்துக்கு வாங்கோ."

வீட்டுக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தேன். பெர்னடெட் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அழிஞ்சதெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நண்டுக்கறியை வேண்டாமெண்டியள். பெரிசா என்னவோ நடந்திருக்கெண்டு விளங்கினது."

"சரி, எப்பிடித் திருப்பி எடுத்தனீர்?"

"நோர்ட்டன் எண்டொரு டிஸ்க் கிடந்ததெல்லோ? அழிச்சதை எடுத்துத் தாறதுதான் அதின்ரை வேலை. அழிக்கேக்கை பைலின்ரை பேரிலை முதல் எழுத்துத்தான் போகுமாம். மிச்சம் அப்பிடியே கிடக்கும். அந்த எழுத்து என்னெண்டு கேட்டது. குடுத்தன்." மீனைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "மக்டலீன் மாமியை ஆம்பிளையெண்டு அடிச்சு வைச்சிருந்தியள். அதையும் திருத்தினனான்."

இதெல்லாம் எப்போது படித்தாய் என்று கேட்டேன்.

"பத்து மணிக்குக் கரண்ட் வரும். நீங்கள் பள்ளிக்கூடத்தாலை வர மூண்டு மணி. எவ்வளவு நேரமெண்டுதான் தூசி துடைக்கிறது?"

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. செய்து காட்டு என்றேன். கையைத் துடைத்துவிட்டு வந்து சீலையை விலக்கி உட்கார்ந்தாள். பத்து விரலும் விசைப்பலகையில் இறங்கின. மழை பெய்தது போலிருந்தது. நோர்ட்டனுக்குள் போனாள், வெளியே வந்தாள், வேர்ட்ஸ்டாரில் அண்ணனுக்கு ஒரு கடிதம் தொடங்கினாள். மூன்று கிழமையாக நான் உழுத வயலில் அவள் சும்மா நடந்து போனாள். இத்தனை அருமையான புரோகிராம்களை எழுதியவர்கள் இப்படி ஒரு ஆளை நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். அதை அவளிடமே சொன்னேன். கலியாணம் முடித்து ஒன்பது வருசத்தில் நான் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை அது என்றாள்.

பிறகுதான் மற்றதைச் சொன்னாள். பதிவேட்டைக் கொடுத்தபோது சுவாமியார் சும்மா இரண்டு கேள்வி கேட்டாராம். இவள் மறுமொழி சொன்னாளாம். பங்கில் உள்ள பெண்பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் படிப்பிக்க வரும்படி அப்போதே கேட்டுவிட்டாராம்.

அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கோயிலுக்குப் போனோம். கொம்பியூட்டரைச் சைக்கிள் கரியரில் கட்டி நான் உருட்ட, அவள் டிஸ்க் பெட்டியோடு முன்னால் நடந்தாள். அவளுடைய முதல் வகுப்பு அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. நான்தான் இன்னும் சுவாமியார் முன் பொய்களை ஒப்புவித்தபடி முழங்காலில் நின்றேன்.