கீழிருந்து வரும் புயல்

எங்கள் ஜமைக்காவில் ஆபத்து என்றால் அது வானத்திலிருந்துதான் வர வேண்டும். அரசாங்கப் படிவம் அப்படித்தான் சொல்கிறது.

எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்புச் சுவர் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டிருந்தது. அது நான் பாடம் நடத்தும் வகுப்பு. சுவரை ஒட்டி முப்பத்தாறு பிள்ளைகள். நிலம் லேசாக ஆடும்போதெல்லாம் விரிசல் அகலமாகிக்கொண்டே போனது. தலைமையாசிரியை மிஸ் அயோனி என்னையும் அழைத்துக்கொண்டு பேரிடர் ஆயத்த அலுவலகத்துக்குப் போனார்.

அலுவலர் பின்னக், ஈஸ்டர் பன்னைக் கடித்தபடியே படிவத்தை எடுத்தார். முதல் கேள்வி, ஆபத்தின் பெயர்.

"நிலநடுக்கம்," என்றார் மிஸ் அயோனி.

"அது வகை, மிஸ். பேரு என்ன? கில்பர்ட்னு ஒரு புயல் வந்துச்சே, அந்த மாதிரி."

1692 நிலநடுக்கத்தில் போர்ட் ராயல் நகரம் கடலுக்குள் போனதையும், 1907-ல் கிங்ஸ்டன் இடிந்து எரிந்ததையும் மிஸ் அயோனி எடுத்துச் சொன்னார். பின்னக் மரியாதையாகக் கேட்டார். பெயர் வைக்காமல் விட்டதால்தான் அவ்வளவு சேதம் என்று வருத்தப்பட்டார்.

"லாசெல்ஸ்னு எழுதிக்குங்க," என்றார் மிஸ் அயோனி, பொறுமை போய். அது பின்னக்கின் முதல் பெயர். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த கேள்வி, வரும் திசை.

"கீழேருந்து."

"அப்போ தெற்கு," என்று எழுதிக்கொண்டார். வரைபடத்தில் கீழே தெற்குதானே.

தன் பெயருள்ள கோப்பை எந்த அலுவலர் தூங்கவிடுவார்? ஒன்பதே நாளில், மேற்படி லாசெல்ஸை எதிர்கொள்ளும் பொருட்டு, தெற்கு ஜன்னல்களை மூட ஐம்பது ப்ளைவுட் பலகைகள் வந்திறங்கின. சுவருக்குப் படிவத்தில் கட்டமே இல்லையாம். எங்களுக்கு ஆத்திரம்தான். ஆனாலும் பலகை புதுசு. பள்ளிக்குப் பன்னிரண்டு அடித்தோம். மீதியை ஆசிரியர்களும் பெற்றோரும் பிரித்துக்கொண்டோம். நான் இரண்டு எடுத்தேன்.

மே கடைசி ஞாயிறு, நாங்கள் தேவாலயத்தில் இருந்தபோது லாசெல்ஸ் வந்தது. சுவர் முப்பத்தாறு இருக்கைகள் மேலும் சாய்ந்து கிடந்தது. பின்னக் நேரில் வந்து பார்வையிட்டு, தெற்கு ஜன்னல்களுக்குச் சேதம் ஏதுமில்லை என்று அறிக்கை எழுதினார். நான் அந்த இருக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

அடுத்த வாரம் முற்றத்தில் பெற்றோர் கூட்டம். அலுவலகத்தை நம்ப வேண்டாம், சனிக்கிழமைகளில் நாமே கம்பி கட்டிச் சுவர் எழுப்புவோம், வர முடிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றார் மிஸ் அயோனி.

ஒரு கையும் எழவில்லை. கடைசியில் ஒரு அப்பா எழுந்தார்.

"ஜூன் வந்துருச்சே மிஸ். புயல் காலம். வீட்டு ஜன்னலுக்குப் பலகை அடிக்கணும்."

நியாயம்தான் என்று எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். மிஸ் அயோனி என்னைப் பார்த்தார். எனக்கும் இரண்டு பலகை அடிக்க வேண்டியிருந்தது. நானும் வானத்தைப் பார்த்தேன்.