என் மகள் என்மேல் போட்ட வழக்கு

மதிப்புக்குரிய மச்சான் தங்கராஜ் அவர்களுக்கு,

மண்ணரையிலிருந்து ஆத்தப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். நெருப்பெரிச்சலில் நீங்களும் அக்காவும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள் என்பதால் எழுதுகிறேன். வக்கீலான என் மகள், உங்கள் மருமகள் அனுப்பிரியா, தன் முதல் வழக்கிலேயே ஜெயித்துவிட்டாள். தோற்றது நான்.

என் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் ஒச்சம்மாள், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், ஆறு மாத கர்ப்பம் என்று பிரசவ லீவு கேட்டாள். ஷிப்மெண்ட் நெருக்கிய நேரம். "ஊருக்குப் போய்ப் பெத்துக்க கண்ணு, இனி வேலைக்கு வர வேண்டாம்" என்று அன்பாகத்தான் அனுப்பி வைத்தேன். அன்னைக்குச் சாப்பிடறப்ப இதைச் சொன்னேனுங்க, அனு சோத்துல வெச்ச கையை எடுத்துட்டா. "கர்ப்பத்தைக் காட்டி வேலைய உட்டு நிறுத்துனா குத்தம்ப்பா. அபராதம் மட்டுமில்ல, ஜெயிலும் உண்டு. நாளைக்கே கூப்பிட்டுருங்க"ன்னா. "என்ற கம்பெனிக்குள்ள எனக்கே சட்டமா? மோர் ஊத்திக்க சாமி"ன்னு சிரிச்சேன். ஒரு வாரம் பொறுத்துப் பாத்தவ, ஒச்சம்மாளைத் தேடிப் போயி, மனு எழுதி, தொழிலாளர் துறையில குடுத்துட்டா. நோட்டீஸ் வந்துச்சு. உங்க தங்கச்சி எனக்குச் சோறு மட்டும் போட்டா, பேச்சை நிறுத்திட்டா.

விசாரணைக்குப் பெரிய வக்கீலோட போனேனுங்க. "அந்தம்மா தானாத்தான் நின்னாங்க"ன்னு அவரு ஆரம்பிச்சாரு. நம்ம புள்ள எந்திரிச்சா பாருங்க மச்சான், குரல்ல நடுக்கமே இல்ல! "தானா நின்னவங்க ஏனுங்க மறுநாளும் வந்து கம்பெனி கேட்டுக்கு வெளிய காத்திருந்தாங்க? வாட்ச்மேனைக் கேளுங்க"ங்கறா. எங்க வக்கீல் குடிக்கத் தண்ணி கேட்டாரு. அதிகாரி கண்ணாடியைக் கழட்டிட்டு, "அவரு உங்க அப்பாவாமேம்மா?"ன்னாரு. "ஊட்டுலதானுங்க அப்பா. இங்க எதிர்மனுதாரர்"ன்னா. என்னை அறியாம கையத் தட்டிட்டேன்! "உக்காருங்க, நாம தோத்துட்டிருக்கோம்"னு வக்கீல் என்ற சட்டையப் புடிச்சு இழுத்தாரு.

ஒச்சம்மாளை வேலையில சேத்து, சம்பளத்தோட பிரசவ லீவு குடுக்கணும், இல்லீன்னா கோர்ட்டுல வழக்குன்னு உத்தரவாச்சு. அப்பீலே வேண்டாம்னு ஒத்துக்கிட்டேன். வெளிய வந்தா ஒச்சம்மாள் நிக்கறா. முகத்தைப் பாக்க முடியல. "தப்புத்தான் தாயி"ன்னேன். "இருக்கட்டும் மொதலாளி. எனக்குப் பொம்பளப்புள்ள பொறந்தா வக்கீலுக்குத்தான் படிக்க வப்பேன்"னுச்சு. அப்ப எனக்கு வந்த பெருமை, முதல் எக்ஸ்போர்ட் ஆர்டர் கெடைச்சப்பக்கூட வரலீங்க.

வர்ற ஞாயித்துக்கெழமை ஊட்டுல கறி விருந்து. தாய்மாமன் நீங்க வந்து புள்ளைய வாழ்த்தணும். அக்காவுக்கு என் வணக்கம். ஆண்டவன் உங்க கம்பெனிக்கும் என் கம்பெனிக்கும் ஒரு கொறையும் வெக்காம இருக்கட்டும்.

தோத்தும் நெஞ்ச நிமித்திட்டுத் திரியும்
உங்கள் மாப்பிள்ளை
ஆத்தப்பன்

பி.கு.: விருந்துக்கு வராதீங்க மச்சான். உறையை ஒட்டப் போறப்பத்தான் அனு சொன்னா. உங்க கம்பெனிப் பொண்ணுங்க கக்கூசுக்குப் போனா சூப்பர்வைசர் கண்டபடி பேசறாராமே, மனு குடுக்க அவகிட்ட வந்திருக்காங்க. வழக்கு முடியற வரைக்கும் உங்ககூட உக்காந்து சாப்பிடறது முறையில்லைங்கறா. நல்ல வக்கீலாப் பாருங்க. விசாரணைக்கு நானும் கண்டிப்பா வர்றேனுங்க, அவ பக்கம்.